வந்தால், வருமுன், வராமல்: போர்த்துகீசிய கொன்ஜுன்தீவுக்கு ஒரு தமிழ் வழி

போர்த்துகீசியம் படிக்கிறவர்கள் எப்படியும் போய் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. போர்ச்சுகலில் அதன் பெயர் கொன்ஜுன்தீவு, பிரேசிலில் ஸுப்ஜுன்தீவு. ஐயம், விருப்பம், உணர்ச்சி ஆகியவற்றைக் காட்டும் வினை வடிவம் என்று பாடநூல்கள் ஒரு வரி எழுதிவிட்டு, நீளமான பட்டியலைக் கையில் திணித்துவிடும். அந்த ஒரு வரி சீக்கிரமே காலை வாரிவிடும். 'ஆஷு கெ எலெ வெய்ங்' என்றால் 'அவன் வருகிறான் என்று நினைக்கிறேன்'. சொல்கிறவருக்கே உறுதியில்லை, ஆனாலும் அங்கே வருவது சாதாரண வினை. 'லாமென்து கெ எஸ்தேஜாஸ் துவென்தெ' என்றால் 'நீ உடம்பு சரியில்லாமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது'. இதில் ஐயத்துக்கே இடமில்லை, ஆள் கண்ணெதிரே படுத்திருக்கிறான். ஆனால் 'எஸ்தேஜாஸ்' கொன்ஜுன்தீவு.

(போர்த்துகீசியச் சொற்களைப் பெரும்பாலும் அவற்றின் எழுத்தை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். லிஸ்பனில் சொல்லின் கடைசி 'ஸ்', 'ஷ்' என்று ஒலிக்கும். கடைசி 'எ' பாதி விழுங்கப்படும்.)

தமிழருக்கு இதைவிட நல்ல வழி பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது: வினைமுற்றும் வினையெச்சமும். போர்த்துகீசியத் துணை வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வினை முற்றி நின்று பின்னால் 'என்று' வந்தால் பெரும்பாலும் சாதாரண வினை. முற்றாமல் தொங்கினால் பெரும்பாலும் கொன்ஜுன்தீவு. அவன் வருமுன்: 'ஆன்தெஸ் கெ எலெ வேஞா'. அவனுக்குத் தெரியாமல்: 'ஸெய்ங் கெ எலெ ஸாய்பா'. மழை பெய்தாலும்: 'எம்போரா ஷோவா'. உனக்குத் தெரியும்படி: 'பாரா கெ ஸாய்பாஸ்'. நீ வர வேண்டும்: 'கேரு கெ வேஞாஸ்'. மேலே சொன்ன வருத்தமும் 'இருப்பது' என்ற தொழிற்பெயரில்தான் தொங்குகிறது. தன் பொறுப்பில் 'இது இப்படி' என்று சொல்லி முடிக்காத இடத்தில் தமிழன் எச்சத்தை வைக்கிறான், போர்த்துகீசியன் கொன்ஜுன்தீவை வைக்கிறான்.

இந்தச் சோதனை தோற்கும் இடங்களும் உண்டு. அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். 'வருவதால்' தமிழில் தொங்குகிறது, ஆனால் 'போர்கெ' சாதாரண வினையையே கேட்கும். எதிர்ப்பக்கம், 'நீ வருவாய் என்று நம்புகிறேன்' என்பதில் 'என்று' இருக்கிறது, ஆனால் 'எஸ்பேரு கெ வேஞாஸ்' கொன்ஜுன்தீவு. 'வருவான் என்று தோன்றவில்லை' என்பதும் அப்படித்தான்: 'ஆஷு கெ'வுக்கு எதிர்மறை சேர்ந்ததும் 'நாவ் ஆஷு கெ எலெ வேஞா' ஆகிவிடும். கடைசியாக 'தால்வேஸ்', அதாவது 'ஒருவேளை'. அது வினைக்கு முன்னால் வந்தால் கொன்ஜுன்தீவு கட்டாயம்: 'தால்வேஸ் வேஞா'. இதிலிருந்து தப்பிக்க போர்ச்சுகல்காரர்கள் பேச்சில் 'ஸெ கல்யார்' என்று தொடங்கி சாதாரண வினையைப் போட்டுக்கொள்கிறார்கள்: 'ஸெ கல்யார் வெய்ங்'. வேடிக்கை என்னவென்றால் அந்த 'கல்யார்' தானே ஒரு கொன்ஜுன்தீவு வடிவம், 'அப்படி வாய்த்தால்' என்று பொருள்.

கொன்ஜுன்தீவில் தனிச்சொல் வடிவங்கள் மூன்று: நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம். பாடநூல்கள் நிகழ்காலத்தில் தொடங்கி எதிர்காலத்தைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவிடும். தமிழர் எதிர்காலத்தில் தொடங்குவதுதான் நல்லது என்பேன். நம் '-ஆல்' போய் உட்காரும் இடம் அதுதான், அன்றாடப் பேச்சில் அது இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது. ஸ்பானியம் தெரிந்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அந்த மொழியில் எதிர்காலக் கொன்ஜுன்தீவு சட்ட வாசகங்களோடு ஒதுங்கிவிட்டது, ஆகவே 'நீ வரும்போது' என்பதற்கு நிகழ்கால வடிவத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். போர்த்துகீசியத்தில் 'குவான்து வியேரெஸ்' என்றுதான் சொல்ல வேண்டும்.

அதை உருவாக்க ஒரே ஒரு வடிவம் தெரிந்தால் போதும்: 'அவர்கள் செய்தார்கள்' என்னும் இறந்தகாலப் பன்மை. 'ஃபிஸேராம்' என்பதில் கடைசி 'ஆம்'ஐ வெட்டினால் 'ஃபிஸேர்', செய்தால். 'ராம்' முழுவதையும் வெட்டி 'ஸ்ஸெ' சேர்த்தால் 'ஃபிஸெஸ்ஸெ', இறந்தகாலக் கொன்ஜுன்தீவு. ஒரே வேரில் இரண்டு வடிவங்கள், விதிவிலக்கே கிடையாது. எனவே நேரத்தைச் செலவிட வேண்டியது பன்மை வடிவங்களை வாயில் ஏற்றுவதில்: திவேராம் (வைத்திருந்தார்கள்), எஸ்திவேராம் (இருந்தார்கள்), திஸேராம் (சொன்னார்கள்), புதேராம் (முடிந்தது), புஸேராம் (வைத்தார்கள்), கிஸேராம் (விரும்பினார்கள்), ஸோபேராம் (அறிந்தார்கள்), தேராம் (கொடுத்தார்கள்), வியேராம் (வந்தார்கள்), வீராம் (பார்த்தார்கள்), ஃபோராம். கடைசியாக உள்ளது 'இருந்தார்கள்', 'போனார்கள்' இரண்டுக்கும் பொது. ஆகவே 'ஸெ ஃபோர்' என்றால் 'இருந்தால்' என்றும் இருக்கலாம், 'போனால்' என்றும் இருக்கலாம், சூழல்தான் சொல்லும்.

இந்தப் பட்டியலில் கண்ணி ஒன்று இருக்கிறது. 'வீர்' என்பது 'வருதல்' என்னும் வினையின் பெயர். 'பார்த்தால்' என்பதற்கும் 'வீர்' தான். 'வந்தால்' என்றால் 'வியேர்'. 'அவனைப் பார்த்தால் சொல்' என்பது 'ஸெ உ வீரெஸ், தீஸ்-ல்யெ'. பிறந்ததிலிருந்து இந்த மொழி பேசுகிறவர்களே இங்கே 'வேரெஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள், ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். 'மன்தேர்' (காப்பாற்றி வைத்தல்), 'ப்ரொபோர்' (முன்மொழிதல்) போன்ற கூட்டு வினைகளிலும் இதே பிழை: 'ஸெ மன்திவேர்', 'ஸெ ப்ரொபுஸேர்' என்றுதான் வர வேண்டும்.

இனி '-ஆல்' செய்யும் குழப்பம். 'நேரம் இருந்தால் போவேன்' என்பதைத் தமிழன் இரண்டு மனநிலையில் சொல்ல முடியும்: நேரம் கிடைக்கவும் கூடும் என்ற நினைப்பில், அல்லது எங்கே கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில். குரலும் 'மட்டும்' போன்ற சொற்களும் வேறுபாட்டைக் காட்டும். போர்த்துகீசியத்தில் வினையே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கிடைக்கக்கூடும் என்றால் 'ஸெ திவேர் தெம்பு, வோ'. கிடைக்காது என்றால் 'ஸெ திவெஸ்ஸெ தெம்பு, ஈயா'. எழுத்தில் 'ஈயா'வுக்குப் பதில் 'இரீயா'. 'இருந்திருந்தால் போயிருப்பேன்' என்றால் 'ஸெ திவெஸ்ஸெ தீது தெம்பு, தெரீயா ஈது'. இது மட்டும் நமக்கு எளிது, தமிழிலும் தனி வடிவம் இருக்கிறதே. முதல் இரண்டையும் மாற்றிப் போட்டால் இலக்கணப் பிழை ஆகாது, பொருள்தான் மாறும். விருந்துக்கு அழைத்தவரிடம் 'திவெஸ்ஸெ' என்று பதில் சொன்னால், வர மாட்டேன் என்று நாகரிகமாகச் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

'வந்தால்' என்ற பொருளில் 'ஸெ'வுக்குப் பின் நிகழ்காலக் கொன்ஜுன்தீவு வராது. 'ஸெ தேஞா தெம்பு' என்பது தவறு. ஆனால் அதே பொருள் தரும் 'காஸு' என்ற சொல்லுக்குப் பின் அதுவேதான் வரும்: 'காஸு தேஞா தெம்பு'. ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் இதை ஜோடியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'வருவானா என்று தெரியவில்லை' என்பதிலும் 'ஸெ' வரும், ஆனால் அது 'ஆல்' அல்ல, 'ஆ' என்ற வினா. அங்கே சாதாரண வினை: 'நாவ் ஸேய் ஸெ எலெ வெய்ங்'.

'குவான்து'வுக்கும் இப்படி ஒரு கவனம் தேவை. இனி நடக்கப்போவதற்கு மட்டுமே கொன்ஜுன்தீவு: 'குவான்து ஷெகாரெஸ், லீகா-மெ', வந்து சேர்ந்ததும் போன் செய். வழக்கமாக நடப்பதைச் சொல்லும்போது, 'மழை பெய்யும்போது வெளியே போக மாட்டேன்' என்பது போல, 'குவான்து ஷோவெ' என்று சாதாரண வினை. தமிழில் இரண்டும் 'பெய்யும்போது' தான் என்பதால் எச்சச் சோதனை இங்கே உதவாது. நாளையைப் பற்றியா, பழக்கத்தைப் பற்றியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிகழ்கால வடிவம் இதைவிட எளிது. 'நான் செய்கிறேன்' வடிவத்தை எடுத்து, கடைசி உயிரை நீக்கி, எதிர்க்கட்சி உயிரைச் சேர்க்க வேண்டும். பெயர் 'ஆர்' என்று முடியும் வினைக்கு 'எ', மற்றவற்றுக்கு 'ஆ'. ஃபாலு, ஃபாலெ. கோமு, கோமா. ஃபாஸு, ஃபாஸா. வேஞு, வேஞா. இதற்கு அடங்காதவை ஏழு: ஸேஜா, எஸ்தேஜா, ஆஜா, ஸாய்பா, கெய்ரா, தே, வா. கடைசியாக உள்ளது 'போதல்' என்ற வினையுடையது. நிகழ்காலக் கொன்ஜுன்தீவுதான் மரியாதைக் கட்டளையாகவும் பயன்படும் என்பதால், போர்த்துகீசியர் உங்களைப் பார்த்து 'வா!' என்றால் 'போங்கள்' என்று பொருள். பக்கத்தில் போய் நிற்காதீர்கள்.

பேச்சில் பாதி இடங்களில் கொன்ஜுன்தீவைத் தவிர்க்கவும் வழி உண்டு. இரண்டு வினைக்கும் எழுவாய் ஒன்றே என்றால் 'கெ' தேவையே இல்லை: நான் போக வேண்டும், 'கேரு ஈர்'. எழுவாய் வேறு என்றாலும் 'பாரா', 'ஆன்தெஸ் தெ' போன்ற சொற்களுக்குப் பின் ஆள்விகுதி சேர்த்த வினைப்பெயரைப் போடலாம்: 'பாரா ஸபேரெஸ்', நீ தெரிந்துகொள்ள. 'ஃபாலார்' போன்ற ஒழுங்கான வினைகளில் இதுவும் எதிர்காலக் கொன்ஜுன்தீவும் ஒரே உருவம். வேறுபாடு ஒழுங்கற்ற வினைகளில்தான் வெளிப்படும்: 'பாரா ஃபஸேரெஸ்', ஆனால் 'ஸெ ஃபிஸேரெஸ்'. 'ஸெ ஃபஸேரெஸ்' என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும், ஆனால் காதில் உறுத்தும்.

'எது வந்தாலும்', 'யாராக இருந்தாலும்' என்பதற்குப் போர்த்துகீசியம் ஒரே வினையை இரண்டு தடவை, இரண்டு காலத்தில் சொல்லும்: முதலில் நிகழ்காலம், பிறகு எதிர்காலம். 'ஸேஜா கெய்ங் ஃபோர்', யாராக இருந்தாலும். 'ஆஜா உ கெ ஓவேர்', என்ன நடந்தாலும். 'குஸ்தெ உ கெ குஸ்தார்', என்ன விலை கொடுத்தாவது. கதை கடந்த காலத்துக்குப் போனால் இரண்டும் சேர்ந்தே இறந்தகால வடிவத்துக்கு நகர்ந்துவிடும்: 'ஃபோஸ்ஸெ கெய்ங் ஃபோஸ்ஸெ', 'குஸ்தாஸ்ஸெ உ கெ குஸ்தாஸ்ஸெ'.