பாறைமேல் அமர்ந்த குவான்யின்

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு நான் போனது, கடலடியில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கைப் பார்க்கத்தான். ஆனால் பிற்பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டவை டெஹுவா வெண்பீங்கான் சிலைகள்.

டெஹுவா, சீனாவின் ஃபூஜியன் மாநிலத்து மலையூர். அங்குள்ள மண்ணில் இரும்பு மிகக் குறைவு. சுட்டெடுத்தால் பாலாடை நிறம் வருகிறது. நீலப் பூ வரைந்த சீனப் பீங்கானைப் பார்த்துப் பழகிய எனக்கு, வண்ணமே இல்லாதது முதலில் குறையாகத்தான் பட்டது. ஒரு சிலையின் முன் குனிந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

சாண் உயரக் குவான்யின், சீனப் பௌத்தர்களின் கருணைத் தெய்வம். முக்காடு தோளில் வழிந்து முழங்காலில் மடிகிறது. ஆடை ஓரத்தில் ஒரே ஒரு கால்விரல் எட்டிப் பார்க்கிறது. கழுத்தில் மணிமாலை. பக்கத்தில் அமுதக் குடம். மடியில் குழந்தை இருந்தால் அவள் பிள்ளைவரம் தருபவள். ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மறைவாக ஜெபித்தவர்கள் இத்தகைய சிலைகளையே மரியாளாக வைத்து வணங்கினார்கள். அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பே இருக்காது.

நான் வெறும் பீடம் என்று நினைத்தது, அவள் அமர்ந்திருந்த பாறையை. குவான்யின் என்பது அவலோகிதர். இந்தியாவில் ஆண் வடிவப் போதிசத்துவர், அதாவது புத்தநிலையை நாடும் பௌத்த அருளாளர். சீனாவில் சோங் அரசமரபின் காலம் தொடங்கிப் படிப்படியாகப் பெண்ணானவர். பாறை, அவர் வாழும் போதலக மலை. 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் அம்மலையைத் தென்னிந்தியாவில், மலய மலையை அடுத்து வைக்கிறார். அது நம் பொதிகைதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அகத்தியர் தமிழைக் கேட்டறிந்ததே அவலோகிதரிடம்தான் என்கிறது 11ஆம் நூற்றாண்டின் இலக்கண நூலான வீரசோழியம்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் கண்ணில் படும் மலை அது. சிலுசிலுவென்று குளிரூட்டிய அந்த அறையில், ஃபூஜியன் குயவர் ஒருவர் கையால் பிசைந்த அதே மலை! அவர் அதைப் பார்த்தவர் அல்லர். கேள்விப்பட்டு, நம்பி, வடித்திருக்கிறார்.

மறுபடியும் குனிந்தேன். பாறையில் குடைவுகள், நெளிவுகள், ஒரு சிறு வெடிப்பு. அடியில் அலைகள் சுருண்டிருந்தன. எங்கள் பக்கம் அந்த மலையிலிருந்து இறங்குவது தாமிரபரணி.