ஐந்தாம் பாகத்துக்கு நான் போடாத புள்ளி

1980இல் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, வாசித்த புத்தகங்களுக்குப் புள்ளி போடுவதற்கென்றே ஒரு கொப்பி வைத்திருந்தேன். இலங்கையின் சாதாரண தரப் பரீட்சையைப் போல டி, சி, எஸ், எஃப். திரும்பவும் இரவல் எடுப்பேன் என்றால் டி. பக்கத்து வாங்கு நண்பனிடம் சொல்லத் தோன்றினால் சி. வாசித்து முடித்தேன், அவ்வளவுதான் என்றால் எஸ். பாதியில் திருப்பிக் கொடுத்தது எஃப். ஊரே புகழ்ந்த சில நூல்கள் என்னிடம் எஸ் வாங்கியிருக்கின்றன. அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

கல்கியின் சோழர் கால நாவல் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் அந்த ஆண்டுதான் வாசித்தேன். வாரம் ஒரு புத்தகம் என்பது எங்கள் பள்ளிக்கூட நூலக விதி. அடுத்த பாகத்தை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் ஓடுவோம். 'புது வெள்ளம்' டி. 'சுழற்காற்று' டிக்கும் மேலே. கதைநாயகன் வந்தியத்தேவன் கடல் கடந்து நம் இலங்கைக்கு வருகிறான். தொண்டைமானாறும் யானை இறவும் கதைக்குள் வருகின்றன. யானை இறவைத் தாண்டி பஸ்ஸில் போன பையனுக்கு அது எத்தனை பெரிய செய்தி! 'மணிமகுடம்' அன்று சி. நாற்பது வயதில் மறுபடி வாசித்தபோது டி ஆக்கினேன். அரண்மனைப் பேச்சுகளின் கனம் பதினான்கு வயதில் பிடிபடவில்லை.

ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகரம்' 91 அத்தியாயங்கள். கடம்பூர் மாளிகையில், இருட்டில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் செத்துக் கிடக்கிறான். நான்தான் கொன்றேன் என்கிறாள் அந்த மாளிகையின் மகள் மணிமேகலை. இல்லை, நானே என்கிறார் சோழ நாட்டின் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர். பழியோ வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பாண்டியருக்காகச் சதி செய்யும் இரவிதாசன் கூட்டமும் அங்கேதான் இருந்தது. கடைசிப் பக்கம் வரை கல்கி ஒரு கையைச் சுட்டிக்காட்டவில்லை. மணிமேகலையின் முடிவோடு புத்தகத்தை மூடிய இரவு நான் தூங்கவில்லை. கோபமா, துக்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை. கொப்பியில் ஐந்தாம் பாகத்துக்கு நேரே கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

அந்த நூலகப் பிரதியின் பின்பக்க வெற்றுத்தாளை என் வயதுக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். கொன்றது யார் என்று யாரோ ஒரு மூத்த மாணவர் பென்சிலால் பெயர்களை எழுதி வைத்திருந்தார்: இரவிதாசன், பெரிய பழுவேட்டரையர், அவருடைய இளம் மனைவி நந்தினி, தற்கொலை என்பதற்கு 'தானே'. வாசித்து முடித்தவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் நேரே கோடு போட்டிருந்தார்கள். மற்றப் புத்தகங்களில் ஒரு கிறுக்கல் கண்டாலும் அழிறப்பரைக் கையில் தந்து நிற்க வைக்கும் நூலகப் பொறுப்பாசிரியர், அந்தத் தாளை மட்டும் விட்டுவைத்தார். ஒருநாள் காரணம் கேட்டேன். "தம்பி, அதில் என் கோடும் இருக்கிறது" என்றார். எந்தப் பெயருக்கு நேரே என்று கடைசிவரை சொல்லவில்லை. நான் இரவிதாசனுக்குப் போட்டேன்.

பின்னாளில் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி வாசித்தபோது வென்றுவிட்டதாகவே துள்ளினேன். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில், இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அது அவர்கள் தரப்பாரின் நிலங்களைப் பற்றிய சாசனம். ஏன் கொன்றார்கள், அந்த இருட்டில் யார் கை ஓங்கியது என்பதெல்லாம் கல்லிலும் இல்லை. துள்ளல் இரண்டு நாளில் அடங்கியது.

கல்கி எழுதிய முடிவுரையை டொராண்டோ வந்த பிறகுதான் வாசித்தேன். பாத்திரங்கள் பிறகு என்னவானார்கள் என்று கேட்ட வாசகர்களுக்கு அதில் பதில் சொல்கிறார். என்னைப்போல் தூங்காமல் கிடந்தவர்கள் 1954லேயே இருந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது, முன்பின் தெரியாத அவர்கள்மேல் பெரிய அன்பு வந்தது. இதழில் தொடராக வந்த நாவல் அந்த ஆண்டு மே மாதம் முடிந்தது. டிசம்பர் 5இல் கல்கி மறைந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் என்னோடு ஓடியவன் இப்போது மெல்பேணில் இருக்கிறான். பழுவேட்டரையர் எறிந்த கத்திதான் என்று நாற்பது ஆண்டுகளாகச் சாதிக்கிறான். போன மாதமும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் அதே வழக்கு. அம்மா கட்டித் தந்த பொதியில் வந்த அந்தக் கொப்பி என் மேசையில் திறந்து கிடந்தது. ஐந்தாம் கட்டம் இன்னும் வெறுமைதான்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த நூலகப் பிரதியைக் கண்டவர்கள் யாராவது இருந்தால் பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதுங்கள். பின்தாளைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். என் கோடு இரவிதாசன் வரிசையில் ஏழாவது.