பெயின்டை முதலில் அடித்துவிட்டேன்

நான் திருத்தி ஓட்டுகிற பழைய மொரிஸ் மைனர் காரைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் எவ்வளவு முடிஞ்சுது சேர்?" கணக்குக் கொப்பி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அந்தக் கணக்கில் ஐம்பதாயிரத்துக்கு மேல் என் அவசரத்துக்குக் கட்டிய தண்டம். எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று தெரியாமல் இறங்கியதற்கான கூலி.

வண்டி 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சீசீ. இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவருடையது. ஹட்டனிலிருந்து டிக்கோயா பக்கம் அது ஏறி வரும்போது நாங்கள் ஸ்கூல் பிள்ளைகள் தேயிலைக்குள் ஏறி நின்று வழிவிடுவோம். அவர் போன பிறகு குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் பதினைந்து வருடத்துக்கு மேல் நின்றது. டிக்கி நிறைய விறகு, எயார் பில்டருக்குள் எலிக்கூடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஓடுகிற வண்டி எதுவும் வாத்தியார் சம்பளத்துக்கு எட்டவில்லை. ஓடாததை வாங்கி ஓட வைப்போம் என்று கணக்குப் போட்டேன். 2021 ஜனவரியில் அவருடைய மகன் 160,000 ரூபாவுக்குத் தந்தார். தோட்டத்து டிரக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து, வீட்டு இஸ்தோப்பை (முன் விறாந்தையை) ஒட்டி நாலு கம்பு நட்டு, மேலே படங்கு கட்டினோம். அதுதான் கராஜ்.

இஞ்சின் இறுகிக் கிடந்தது. தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறார். அவர் பிளக் நாலையும் கழற்றி, டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஊற்றிவிட்டு, "பத்து நாளைக்குத் தொடாத தம்பி" என்றார். நான் தினமும் தொட்டேன். பதினோராம் நாள் நாலாவது கியரில் போட்டு, இரண்டு பேர் வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்ட, டக் என்று ஒரு சத்தம். பிறகு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் சுற்றியது. பெற்றோல் டாங்கி துருவாக இருந்ததால் ஒரு சேலைன் போத்தலில் பெற்றோல் நிரப்பிக் கொக்கியில் தொங்கவிட்டோம். பார்த்துச் செய்ய வேண்டிய வேலை, பக்கத்தில் ஒரு வாளி மண் வைத்திருந்தோம். அன்று பின்னேரம் அது புகை கக்கிக்கொண்டு ஓடியபோது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கை தட்டின.

அந்தக் கைத்தட்டுதான் தலைக்கு ஏறியது. இனி என்ன, பெயின்ட்தானே என்று நினைத்தேன். ஏப்ரல் லீவில் டவுனிலிருந்து ஸ்ப்ரே அடிக்கிற பையனைக் கூட்டி வந்து, பொனட், கதவுகள், மட்காட் எல்லாம் சாம்பல் நிறத்தில் அடித்தோம். 35,000 ரூபா. பளபளவென்று இருந்தது. வீட்டுக்காரி போட்டோ எடுத்து அவளுடைய அக்காவுக்கு அனுப்பினாள்.

மே மாத மழை தொடங்கிய பிறகு ஒருநாள் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். கால் நனைந்தது. மெட்டைத் தூக்கினால் கீழே பழைய பேப்பர், கையில் எடுத்தால் ரொட்டி மாவு மாதிரிப் பிசைந்துகொண்டு வந்தது. அதற்கும் கீழே தார் மாதிரி ஒரு பூச்சு. ஸ்குரூ டிரைவரால் மெல்லக் குத்தினேன். பிடிவரைக்கும் போய்விட்டது. குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாகப் புல் தெரிகிறது. இன்னும் நாலு இடத்தில் குத்தினேன், நாலிலும் புல்.

ஹட்டன் பக்கம் டிங்கரிங் செய்கிற ஒரு பாஸ் வந்து கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, "சேர், இது தகடு இல்ல, பேப்பர். பேப்பருக்கு மேல பெயின்ட் அடிச்சிருக்கீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால்தான் வந்தது.

இந்த வண்டிக்குத் தனிச் சேசி கிடையாது. பொடியும் தரையும் ஒன்றாகச் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. முன் சீட்டுக்குக் கீழே குறுக்கே ஒரு பெட்டிச் சட்டம் ஓடுகிறது. முன் சில்லுகளுக்கு ஸ்பிரிங்காக இருக்கிற நீளமான முறுக்குக் கம்பிகளின் பின் முனை அதில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் உக்கினால் வண்டி அழகாக இருந்து பிரயோசனமில்லை. பழைய மைனர் பார்க்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்காமல் மெட்டைத் தூக்கிவிட்டு ஒரு ஸ்குரூ டிரைவரோடு குனிய வேண்டும். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடம், ஜெக் வைக்கிற இடம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற வாசல் சட்டம், இவற்றையும் குத்திப் பார்க்க வேண்டும். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வெட்டுவதற்கு முன்னால் பாஸ் கதவு வாசல் இரண்டிலும் குறுக்கே கோண இரும்பு வைத்து வெல்ட் பண்ணினார். அப்படிச் செய்யாமல் வாசல் சட்டத்தை வெட்டினால் வண்டி நடுவில் தொங்கிவிடும், பிறகு கதவு ஆயுசுக்கும் பூட்டாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மற்றப் பக்கத்தைத் தொட்டோம். தகட்டுக்குக் காசு கொடுக்கவில்லை என்றே சொல்லலாம். பழைய ஒயில் பீப்பாய் இரண்டு கிடைத்தது, அந்தத் தகட்டின் தடிப்பு தரைக்குச் சரியாக வந்தது. பீப்பாயை மட்டும் காஸ் கட்டரால் வெட்டக்கூடாது, உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவி வெடிக்கும். நன்றாகக் கழுவி, உளியாலும் சுத்தியலாலும் வெட்டித் தட்டி நேராக்கினோம். தட்டியது நான்தான். ஒரு வாரம் கையால் சோறு பிசைய முடியவில்லை. குறுக்குச் சட்டத்துக்கு மட்டும் பீப்பாய்த் தகடு போதாது, தடித்த கறுப்புத் தகடு வாங்கினோம். கூரைத் தகடு மாதிரி துத்தநாகம் பூசிய தகட்டை வெல்ட் பண்ண பாஸ் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் அடிக்கும்.

மழைக்காலத்தில் வண்டிக்குக் கீழே படுப்பது தனிக் கதை. படங்கு விரித்துத்தான் படுத்தோம், அப்படியும் அட்டை ஏறும். சவர்க்காரத்தைக் கால் முழுக்கப் பூசிக்கொண்டு இறங்குவேன். ஒருமுறை கழுத்தில் ஏதோ ஒயில் சொட்டுகிறது என்று நினைத்துத் துடைத்தால், ஒயில் இல்லை.

வெல்டிங் முடிந்தபோது புதுப் பெயின்ட் இடுப்புக்குக் கீழே முழுக்கக் கருகிக் கொப்பளித்திருந்தது. 35,000 ரூபா அவ்வளவுதான்.

நாடே நெருக்கடியில் கிடந்த 2022ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, வெல்டிங் பிளான்ட் சும்மா கிடந்தது. ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபா, அதுவும் வரிசையில் நின்றால்தான். 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வண்டி எட்டு மாதம் படங்குக்குக் கீழே தூங்கியது.

திரும்பத் தொடங்கியபோது வரிசையை மாற்றினேன். முதலில் பிரேக். மலையில் இஞ்சின் ஓடாவிட்டால் வீட்டில் இருக்கலாம். பிரேக் இல்லாவிட்டால் அப்படி முடியாது. 948இன் டிரம் நாலும் 7 அங்குலம்தான். 1962இல் 1098 சீசீ இஞ்சின் வந்தபோதுதான் முன் டிரம்மை 8 அங்குலமாக்கினார்கள். இருக்கிற சின்ன டிரம்மாவது முழுசாக வேலை செய்ய வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடவே எனக்கு அரை நாள் போனது. டிரைவரின் காலுக்குக் கீழே, தரைச் சட்டத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பிரேக் ஒயில் ஊற்ற வேண்டுமென்றால் மெட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, உள்ளே கை விட வேண்டும். அது மட்டுமென்றால் பரவாயில்லை. சிலிண்டரைப் பிடித்திருக்கிற இரண்டு நீட்டுப் போல்ட்டையும் வெளியே இழுத்தால், முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கிறது. நட் கழன்றுவிட்டது, போல்ட் முக்கால்வாசி வந்துவிட்டது, அதற்கு மேல் வராது. மினி காரை வரைந்த அதே அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வரைந்தார். பெரிய மூளை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று பின்னேரம் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிட்டர் மாமா வந்து, முன் பக்கத்தைத் தூக்கிப் பாரத்தை இறக்கி, கம்பியைத் தளர்த்தி நகர்த்தினார். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மற்றப் பக்கத்திலிருந்து போட்டார். "அடுத்த தடவை கழட்டுறவன் நம்மள வாழ்த்தட்டும்" என்றார். அடுத்த தடவை கழற்றப் போவதும் நான்தான்.

சிலிண்டருக்குள் துரு குழி விழுந்திருந்தது. ரப்பரை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகும். கண்டியில் ஒரு லேத்தில் கொடுத்துப் பித்தளைக் குழாய் இறக்கினோம், பிறகு புது ரப்பர். முன் சில்லுக்கு இரண்டு வீதம் இருக்கிற சின்னச் சிலிண்டர்கள் நாலையும் புதிதாகவே வாங்கினேன். இரும்புப் பைப், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு. பிரேக்குக்கு மட்டும் 68,000 ரூபா. கொப்பியில் இந்த வரியைப் பார்த்தால் எனக்கு வலிப்பதில்லை.

அதே கையோடு முன் சில்லைத் தாங்குகிற டிரனியனையும் பார்த்தோம். புரி போட்ட மூட்டு அது. கிரீஸ் போகாமல் விட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் மூட்டு கழன்று சில்லு படுத்துவிடும். என்னுடையதில் இடது கீழ் மூட்டு கையால் ஆட்டினாலே ஆடியது. புதிது இங்கிலாந்திலிருந்து வந்தது. இதில் ஒரு வேடிக்கை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்திலிருந்த மொரிஸ் மைனர் நிலையம், இந்த வண்டிக்கான பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்தது. இங்கே அடித்த தகடு அங்கே போன காலம். இப்போது நான் இரட்டை விலை கொடுத்து அங்கிருந்து எடுக்கிறேன். மற்றச் சாமான்களுக்கு கொழும்பில் பழைய உதிரிப் பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைதான். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பாதி விலையில் முடியும். பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்து விலை சொல்வார்.

இரண்டாவது தண்டம் பெட்டரியால் வந்தது. இந்த வண்டிக்குப் பெட்டரியின் பிளஸ்தான் பொடியில் பூட்ட வேண்டும். நான் இந்தக் காலத்து வண்டி மாதிரி மைனஸைப் பூட்டினேன். லைட் எரிந்தது, ஹோர்ன் அடித்தது, எல்லாம் சரி என்று நினைத்து இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வேகம் கொடுத்தேன். டைனமோ ஒரு திசையில் கரண்டைத் தள்ள, பெட்டரி வேறு திசையில் நிற்க, டைனமோவையும் பெட்டரியையும் இணைத்துப் பிரிக்கிற கட்டவுட் பெட்டியிலிருந்து நீலப் புகை வந்தது. உள்ளே பொயின்ட் உருகி ஒட்டிப் போயிருந்தது. நல்ல பெட்டி ஒன்று தேடிப் பிடிக்க 18,000. இப்போது பெட்டரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இஞ்சின் தலையைக் கழற்றியபோது நாலாவது சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு சீட்டுக்குள் இறங்கிப் போயிருந்தது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தினார்கள். ஈயத்தை நம்பிச் செய்த பழைய சீட்டுகள் அதற்குப் பிறகு, அதுவும் ஏற்றத்தில் மிதித்து ஓட்டினால், தேயத் தொடங்கும். கடினமான சீட் நாலு இறக்கி, வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்துக்கு வைத்தோம்.

கார்ப்ரேட்டரில் ஒன்று கற்றேன். புத்தகத்தில் சொன்னபடி வைத்தால் பிளக் கரியாகிறது. ஹட்டன் ஏறத்தாழ 4,000 அடி, காற்று மெலிது, அதே அளவு பெற்றோல் இங்கே அதிகம். ஜெட்டுக்குக் கீழே உள்ள நட்டை ஒரு முகம் (ஆறில் ஒரு பங்கு சுற்று) மேலே திருகினேன், பிறகு இன்னொரு முகம். முதல் புகைச் சோதனையில் தவறிய வண்டி, இரண்டாவது தடவை அதனால்தான் தேறியது. கீழ்நாட்டுக்கு நெடும் பயணம் போனால் ஒரு முகத்தைத் திரும்ப இறக்கிக்கொள்வேன்.

கடைசியாக, 2024 ஏப்ரலில், பெயின்ட். 90,000 ரூபா. கொப்பியின் கூட்டல், வாங்கிய விலையும் சேர்த்து 805,000. நானும் மாமாவும் செய்த வேலைக்குக் கூலி போடவில்லை. போட்டால் கொப்பி தாங்காது.

முதல் நெடும் ஓட்டம் வட்டவளை வழியாகக் கினிகத்தேனைக்கு. முன் சீட்டில் பிட்டர் மாமா, பின்னால் மகன். இறக்கம் முழுக்க இரண்டாவது கியர், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். காலை எடுத்தால் சைலன்சர் புர்ர்ர் என்று உறுமுகிறது. பெரிய கிளாக்கர் வருகிறார் என்று நாங்கள் தூரத்திலேயே கண்டுபிடிக்கிற அதே சத்தம். திரும்பி ஏறும்போது ஒரு வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்க வேண்டி வந்தது. முதல் கியரை ஓட்டத்தில் போட்டால் கரகரவென்று கத்தும், வண்டி முழுக்க நின்ற பிறகுதான் விழும். பின்னால் மூன்று திரீவீல் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. மாமா கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டி, "பொறு பொறு, இது வயசான ஆளு" என்றார்.

இன்னும் ஒன்று மட்டும் சரி வரவில்லை. இதற்குச் சிக்னல் லைட் கிடையாது, கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். வலது கை நீள்கிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது. வளைவு முடிந்ததும் மகன் பின் சீட்டிலிருந்து தூணில் ஒரு குத்துக் குத்துவான், டக் என்று உள்ளே போகும். அந்த வேலைக்கு அவன் ஒரு திருப்பத்துக்கு ஐந்து ரூபா கேட்கிறான்.