இருபது புள்ளி குறைந்த நான் இப்போது கில்ட் லீடர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் விளையாட்டில் பெரிய ஆள் இல்லை. ராத்திரி எல்லா வேலையும் முடிந்து படுத்த பிறகு, தூக்கம் வருகிற வரைக்கும் அரை மணி நேரம் போனில் ஒரு வீடியோ கேம் ஆடுவேன், அவ்வளவுதான். பல நாள் அந்த அரை மணி நேரமும் கிடையாது, வாளை ஓங்கியபடியே தூங்கிப்போய், காலையில் பார்த்தால் என் வீரன் விடிய விடிய ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருப்பான். அவனுக்கு நான் வைத்த பெயரே தூக்கக்கலக்கம். இப்படிப்பட்டவன் எதற்கு கில்டில், அதாவது ஆட்டத்துக்குள் ஆட்டக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகிற குழுவில், சேர்ந்தான் என்று கேட்டால், ஆட்டமே விடமாட்டேன் என்றது. ஏதோ ஒரு லெவலுக்கு மேல் "கில்டில் சேர்ந்தால்தான் அடுத்த கதவு திறக்கும்" என்று வந்தது, பட்டியலில் முதலில் இருந்ததை அழுத்தினேன், உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு மாதம் சொர்க்கம். சாட்டில் நாலு பேர் எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள், தெரியாததைக் கேட்டால் சொல்லித் தருவார்கள், யாரும் யாரையும் எதற்கும் கேள்வி கேட்கவில்லை. அப்போது எங்கள் கில்ட் லெவல் 6. பிரச்சினை லெவல் 8-ல் ஆரம்பித்தது.

கில்ட் லெவல் ஏறினால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் ஏதாவது கிடைக்கும், டேமேஜ், அதாவது நாம் அடிக்கிற அடியின் பலம், 5 சதவீதம் கூடும், கடையில் புதுப் பொருள் வரும், கூடுதலாக 5 பேருக்கு இடம் கிடைக்கும். அதற்குப் புள்ளி வேண்டும். புள்ளி எங்கிருந்து வரும்? நம்மிடமிருந்துதான். தினமும் டொனேஷன் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் 20, கில்ட் பாஸை, அதாவது கில்டே சேர்ந்து அடிக்கிற பெரிய அரக்கனை, மூன்று தடவை அடிக்கலாம், ஒரு அடிக்கு 40. ஆக ஒரு நாளைக்கு 140. லெவல் 8 வந்த அன்று நோட்டிஸ் போட்டார்கள்: ஒவ்வொருவரும் வாரத்துக்கு 500 புள்ளி, 7 நாள் லாகின் இல்லாவிட்டால் கிக், அதாவது கில்டிலிருந்து வெளியேற்றம். சரி, ஒழுங்காக இருக்கச் சொல்கிறார்கள் என்று நானும் கொஞ்சம் ஒழுங்கானேன். லெவல் 9 வந்தது. கொண்டாட்டமெல்லாம் முடிந்து மறுநாள் காலை இன்னொரு நோட்டிஸ். வாரத்துக்கு 1,000.

எனக்குக் கணக்கு வராது, ஆனால் இந்தக் கணக்கை மட்டும் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 7 நாளும் ஒன்று விடாமல், காய்ச்சல் வந்தாலும் விடாமல் எல்லாவற்றையும் செய்தால் 980. விதி 1,000. அந்த 20 எங்கிருந்து வரும் என்று சாட்டில் பணிவாகத்தான் கேட்டேன். துணைத்தலைவர் பதில் போட்டார், "வைரம் போட்டு டொனேட் பண்ணினால் ஒரு தடவைக்கே 100 கிடைக்கும் ப்ரோ." வைரம் சும்மா கிடைக்காது, காசு கொடுத்து வாங்க வேண்டும். சும்மா பொழுதுபோக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம் என்று இருந்தேன், அதற்குள் அவரே அடுத்த வரியைப் போட்டுவிட்டார். "அந்த 20 புள்ளியில்தான் ஒருவருடைய அர்ப்பணிப்பு தெரியும்." என் ஆபீஸில்கூட யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் ஆட்டத்தின் காலத்திலேயே டிராகனை அடிக்க வந்தவர்களுக்கு வருகைப் பதிவேடு மாதிரி புள்ளி எழுதி, கிடைத்த பொருளை அந்தப் புள்ளியைக் கொண்டு பிரிக்கிற முறையைக் கில்டுகள் கண்டுபிடித்துவிட்டன, அதற்கு டிகேபி என்று பெயர், விரித்தால் டிராகன் கொன்ற புள்ளி. அது ஆட்டக்காரர்களே நோட்டுப் போட்டு எழுதிய கணக்கு. அப்புறம் 2010 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு ஆன்லைன் ஆட்டத்துக்குக் கேட்டகிளிசம் என்ற விரிவாக்கம் வந்தபோது ஆட்டமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது, கில்டுக்கு லெவல் வைத்தார்கள், 25 வரைக்கும். பெரிய கில்டுகள் ஒரே வாரத்தில் ஏறிவிடக் கூடாது என்று ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என வரம்பெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். இருந்தாலும் லெவல் ஏறிய கில்டில் இருந்தால் குதிரை வேகமாக ஓடும், லெவல் சீக்கிரம் ஏறும் என்றால் யார்தான் நாலு நண்பர்கள் மட்டும் இருக்கும் குட்டிக் கில்டில் உட்கார்ந்திருப்பார்கள்? சலுகை இருக்கும் பக்கம் கூட்டம் போனது. வெளியே போனால் அந்தக் கில்டில் சேர்த்த மதிப்பும் போய்விடும் என்பதால் போனவர்களும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 2014-ல் அந்த லெவல் முறையையே எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் நான் பிறகு ஆற அமரத் தேடிப் படித்தது. அப்போது தெரிந்திருந்தால் துணைத்தலைவருக்கு அனுப்பியிருப்பேன். அவர் படித்திருக்க மாட்டார், அது வேறு.

சரி, என் கதைக்கு வருவோம். கில்ட் பாஸை லீடரோ ஆஃபிசர் பதவியில் இருக்கிறவரோ திறந்தால்தான் அடிக்க முடியும், எங்கள் லீடர் ராத்திரி சரியாகப் பத்து மணிக்குத் திறப்பார், அரை மணி நேரம் திறந்திருக்கும். அந்த அரை மணி நேரம் எங்கள் வீட்டில் சின்னவளைத் தூங்க வைக்கிற நேரம். விளக்கை அணைத்து, ஒரு கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையில் போனின் வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் குறைத்து, போர்வைக்குள் தலையை விட்டு, கட்டைவிரலால் மட்டும் ஒரு மூன்று தலை நாகத்தை வெட்டிக்கொண்டிருப்பேன். இதில் ஒரு சிக்கல், இரண்டு கைக்கும் தாளம் ஒன்றாகிவிட்டது. நாகம் ஆவேசமாகும்போது நான் வேகமாக அழுத்த வேண்டும், அப்போது இந்தக் கையும் வேகமாகத் தட்டும், குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். ஒரு நாள் இருட்டிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, ஆபீஸ் வேலையா?"

"இல்ல, கில்ட் வேலை."

"சம்பளம் உண்டா?"

"இல்ல."

"லீவு?"

பதில் சொல்லவில்லை. ஏனென்றால் லீவும் இல்லை. அது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. சிக்னல் இல்லாத ஓர் இடத்துக்கு நாலு நாள் குடும்பத்தோடு போக வேண்டியிருந்தது, போவதற்கு முன் சாட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து திறந்தால் என் ரேங்க் உறுப்பினரிலிருந்து பயிற்சி உறுப்பினராக இறங்கியிருந்தது. காரணம், அந்த வாரப் புள்ளி 420. நான் சொல்லிவிட்டுப் போனேனே என்றால், "சொன்னதுக்குப் புள்ளி இல்லை ப்ரோ" என்றார் துணைத்தலைவர். பயிற்சி உறுப்பினர் என்றால் கில்ட் கடைக்குள் நுழைய முடியாது. அந்தக் கடையில் 5,000 காயினுக்கு ஒரு கேடயம் இருந்தது, அதற்காக இரண்டு மாதமாகச் சேர்த்து 4,800 வரை வந்திருந்தேன். கோபித்துக்கொண்டு வேறு கில்டுக்குப் போகலாம் என்றால், வெளியேறு பொத்தானுக்குக் கீழே சிவப்பில் எழுதியிருந்தது, "வெளியேறினால் உங்கள் கில்ட் காயின் முழுவதும் அழிந்துவிடும்." ஆப்பசைத்த குரங்குக்கும் எனக்கும் வால் ஒன்றுதான் வித்தியாசம்.

ஆகவே நான் ஒரு முடிவெடுத்தேன். பாஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், காலையில் பல் தேய்க்கும்போது ஒரு கையால் திறந்து டொனேஷன் பொத்தானை அழுத்துவது, 20 புள்ளி, மூடிவிடுவது. கிக் பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். பண்ணவில்லை, ஏனென்றால் அதே வாரத்தில் வேறொரு சம்பவம் நடந்தது.

முதல் வரிசையில் இருந்த ஒரு பெரிய கில்ட் எங்களுடைய ஹார்ட்கோர் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டது. ஒரே ராத்திரியில் டேமேஜ் பட்டியலின் மேலிருந்த 12 பேர் காலி, துணைத்தலைவர் உள்பட, ஆஃபிசர்கள் அத்தனை பேரும் உள்பட. அர்ப்பணிப்பு அர்ப்பணிப்பு என்று எங்களை வாட்டியவர்கள் போகும்போது சாட்டில் ஒரு டாட்டாகூடப் போடவில்லை. லீடர் மட்டும் இங்கே பெயருக்கு இருந்தார், ஆனால் வேறொரு கணக்கில் அங்கே ஆடிக்கொண்டிருந்தாராம். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் கழன்றுகொள்ள, கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி 11 பேர் மிஞ்சினோம். சாட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. நானும் பல் தேய்த்துக்கொண்டு இருந்ததால் பேசவில்லை.

ஒரு நாள் காலை வழக்கம்போல ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் போன். டொனேஷனை அழுத்தப் போனால் திரை முழுக்கப் பட்டாசு வெடிக்கிறது. "வாழ்த்துகள்! நீங்கள் இப்போது கில்ட் லீடர்." வாயிலிருந்த நுரை போன் மேல் விழுந்தது. லீடர் 14 நாள் வராவிட்டால் பதவி தானாகக் கைமாறும் என்று ஒரு விதி இருந்திருக்கிறது. கைமாறுவதற்கு ஆஃபிசர் யாரும் இல்லை, அடுத்ததாக அந்த 14 நாளில் அதிகப் புள்ளி எடுத்தவர் யார் என்று ஆட்டம் பார்த்திருக்கிறது. மீதி பத்துப் பேரும் பூஜ்யம். நான் 280. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

பதவிக்கு வந்ததும் முதலில் செய்தது, கடையைத் திறந்து அந்தக் கேடயத்தை வாங்கியதுதான், காயின் அதற்குள் 5,000 தாண்டியிருந்தது. வாங்கி மாட்டிய பிறகுதான் கவனித்தேன், போன வாரம் ஏதோ ஒரு நிகழ்ச்சியில் இலவசமாகக் கிடைத்து நான் ஏற்கனவே மாட்டியிருந்தது இதைவிட நல்ல கேடயம்.

இரண்டாவதாக நோட்டிஸை அழித்தேன். அது ஒரு தனி சுகம். 14 விதிகள் இருந்தன, உள்விதிகள் தனி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு "வருகிறபோது வாருங்கள்" என்று மட்டும் எழுதினேன். மூன்றே வாரத்தில் கில்ட் நிரம்பிவிட்டது, 40 பேர். உலகத்தில் இத்தனை பேர் இப்படி ஓரிடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஒருவர் கூட்டுச் சண்டை நடுவில் "குழந்தை அழுகிறது" என்று போட்டுவிட்டுக் காணாமல் போவார், அவருடைய வீரன் பாஸ் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று அடி வாங்குவான். ஓர் அக்கா மருத்துவமனையில் நைட் டியூட்டி நர்ஸ், அவருக்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாஸை விடியற்காலை மூன்று மணிக்குத் திறப்பதற்கு அவருக்கே ஆஃபிசர் பதவி கொடுத்துவிட்டேன். பாஸை இதுவரை நாங்கள் ஒரு தடவைகூடக் கொன்றதில்லை. 4 சதவீத உயிர் மிச்சம் இருக்கும்போது நேரம் முடிந்துவிடும், எப்போதும் அந்த 4 சதவீதம்தான். நாகத்துக்கே இப்போது எங்கள் முகமெல்லாம் பழகியிருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு விண்ணப்பம் வந்தது. பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய துணைத்தலைவர். "ப்ரோ, வேலை மாறிடுச்சு, அங்கே வாரம் 3,000 கேக்குறாங்க, கிக் பண்ணிட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வர முடியும், பரவாயில்லையா?" நோட்டிஸை அழித்த நான் விண்ணப்பப் படிவத்தை மாற்ற மறந்திருந்தேன், அது அவரே தயாரித்த படிவம். அதில் முதல் கேள்வி, வாரம் 1,000 புள்ளி எடுக்க முடியுமா, ஆம், இல்லை. பாவம், இல்லை என்று நேர்மையாக டிக் பண்ணியிருந்தார்.

பழிவாங்க ஆசை இல்லாமல் இல்லை. "சொன்னதுக்குப் புள்ளி இல்லை ப்ரோ" என்று அடித்துக்கூட வைத்தேன். அப்புறம் அதை அழித்துவிட்டு ஏற்றுக்கொள் பொத்தானை அழுத்தினேன். "கில்ட் நிரம்பிவிட்டது, 40/40."

யாராவது ஒருவரை எடுத்தால்தான் இடம். உறுப்பினர் பட்டியலைத் திறந்து, குறைந்த புள்ளி மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்தினேன். முதல் பெயர் தூக்கக்கலக்கம், இந்த வாரம் 60 புள்ளி. லீடர் வேலையில் எனக்கு ஆடவே நேரமில்லை. சும்மா அழுத்திப் பார்த்தேன், லீடரை நீக்க முடியாது என்று சிவப்பில் வந்தது. அடுத்த பெயர் நர்ஸ் அக்கா, 80. அதற்கடுத்து ஞாயிற்றுக்கிழமைக்காரர்.

இன்னொரு வழி இருந்தது. லெவல் 10 ஆனால் இன்னும் 5 இடம் கிடைக்கும், அதற்கு 6,200 புள்ளி வேண்டும். நோட்டிஸைத் திறந்தேன். "அன்பு உறுப்பினர்களே, இந்த வாரம் மட்டும், முடிந்தவர்கள் 500 புள்ளி" என்று அடித்தேன். 500-ஐ அழித்து 300 ஆக்கினேன். 200. "முடிந்தவர்கள்" என்பதற்கு முன்னால் "தயவுசெய்து" சேர்த்தேன், சேர்த்தால் ஏதோ பிச்சை மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன், எடுத்தால் மிரட்டல் மாதிரி இருந்தது. கடைசியில் எப்படியோ போட்டுவிட்டேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு நர்ஸ் அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். "கட்டாயமா லீடர்?"

இல்லைக்கா என்று அடித்தேன். அதற்குப் பக்கத்தில் ஆனால் என்று அடித்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன் போல, காலையில் பார்த்தால் அந்த இரண்டு வார்த்தையோடு மெசேஜ் போயிருக்கிறது, கீழே அவர் கும்பிடு போட்ட ஒரு கை அனுப்பியிருக்கிறார்.