நந்தம்பாக்கம் காமிக் கான்: ஒரு குரலுக்காக நின்ன க்யூ

ஊருக்கு வந்து பையைக் கூட இன்னும் பிரிக்கல, சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல நடந்த, காமிக்ஸ், சினிமா ரசிகருங்க வேஷம் போட்டுகிட்டுக் கூடற காமிக் கான் விழாவுக்கு நானும் சித்தி பையனும் போயிட்டு வந்தோம். எப்படிப் போறது, எங்க தங்கறது, எவ்வளவு ஆகும்னு வரிசையா எழுதறேன்னு வாட்ஸப்ல கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கேன். எழுதறேன், ஆனா அதுக்கு முன்னாடி அந்த பஸ்ஸைப் பத்தி சொல்லியே ஆகணும்.

திருச்சில இருந்து ஏசி ஸ்லீப்பர் ஆம்னி பஸ். சாதாரண நாள்ல 600 ரூபாய்க்கு போற அதே பெர்த் வெள்ளிக்கிழமை ராத்திரின்னா 1,250. ரெண்டு பேருக்கு 2,500, போற வழிக்கு மட்டும். சரி, தூங்கிட்டுப் போனா காலைல ஃப்ரெஷ்ஷா இறங்கலாமேன்னு போட்டேன். சமயபுரம் டோல் தாண்டினதும் ஏசி நின்னு போச்சு. ஜன்னலைத் திறக்கவே முடியாத பஸ் அது, மேல் பெர்த்ல படுத்திருந்த எனக்கு மூச்சே முட்டுது, கிளீனர் தம்பிகிட்ட கேட்டா "போகப் போக சரியாயிடும்க்கா"ங்கறான், பெரம்பலூர் போச்சு, உளுந்தூர்பேட்டை போச்சு, ஒண்ணும் சரியாகல. பின்னாடி ஒரு கைக்குழந்தை அழுதுகிட்டே வருது, அந்த அம்மா முந்தானையால விசிறிகிட்டே வர்றாங்க. விக்கிரவாண்டி பக்கம் ஒரு மோட்டல்ல நிறுத்தினான், டீ 30 ரூபாய், அதுவும் வெந்நீர் மாதிரி. ஏசிக்குன்னு வாங்கின காசைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா ஆஃபீஸ்ல பேசுங்கன்னாங்க, ஆஃபீஸ் நம்பர் இன்னி வரைக்கும் யாரும் எடுக்கல.

கிளாம்பாக்கத்துல இறங்கினா ஆட்டோ. கிண்டிக்கு 900ன்னு ஆரம்பிச்சாரு. தம்பியோட காஸ்ட்யூம் பை ஒரு பக்கம், ஆளுயரத்துக்கு அட்டைக் குழாய் ஒரு பக்கம், அந்த இருட்டுல அதையெல்லாம் தூக்கிட்டு பஸ்ல ஏற முடியாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். பேசிப் பேசி 700க்கு வந்தாரு. கத்திப்பாரா தாண்டினதும் "லாட்ஜ் சந்துக்குள்ள இருக்கேம்மா, ஒரு நூறு சேத்துக் குடுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. "அண்ணா, சந்து உங்களுக்கு முன்னாடியே தெரியும், அட்ரஸைக் காட்டித்தானே ஏறினேன்"னு சொல்லிட்டு 700 மட்டும் எண்ணிக் குடுத்துட்டு இறங்கிட்டேன். உங்ககிட்ட பெரிய லக்கேஜ் இல்லன்னா ஆட்டோவே வேணாம். கிளாம்பாக்கத்துலயே மாநகர பஸ் நிக்கும், இல்லன்னா வண்டலூர் போய் லோக்கல் ட்ரெயின் புடிச்சா பத்து ரூபாய்க்குள்ள பரங்கிமலை வந்துடலாம், அங்கிருந்து டிரேட் சென்டர் பக்கம்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தம்பி ஸ்டார் வார்ஸ் ஆளு. பழுப்புத் துணி எடுத்து எங்க தெரு டெய்லர் அண்ணன்கிட்ட அந்தப் படத்து வீரருங்களான ஜெடைங்க போடற அங்கி தச்சிருந்தான், தரையைத் தொடற நீளம், கை ரெண்டும் தலகாணி உறை அளவுக்கு அகலம். அந்த அட்டைக் குழாய்க்குள்ள ஜெடையோட ஒளிவாள்: அக்ரிலிக் பைப், அதுக்குள்ள நீல எல்இடி ஸ்ட்ரிப், சுவிட்ச் மட்டும் ஒரு பழைய டார்ச்ல இருந்து எடுத்தது. செக்யூரிட்டில அதைப் பிரிச்சுப் பாத்துட்டு, அந்த அண்ணனே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுதான் உள்ள விட்டாரு. நான் ஸ்டார் டிரெக் ஆளு, அது விண்கலத்துல சுத்தற பழைய அமெரிக்க சீரியல். உள்ள நுழைஞ்ச உடனே கூரான காது வச்சுகிட்டு ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சு, என் டிஷர்ட்டைப் பாத்ததும் நாலு விரலை ரெண்டு ரெண்டா பிரிச்சு கையைத் தூக்கிக் காட்டுச்சு, நானும் காட்டினேன், ஒரு வார்த்தை பேசல, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அந்த சீரியல்ல கூரான காதோட ஸ்பாக்கா நடிச்ச லெனார்ட் நிமாய் சின்ன வயசுல பாஸ்டன்ல யூதக் கோயில்ல பூசாரிங்க ஆசீர்வாதம் பண்றதைப் பாத்து மனசுல வச்சிருந்த முத்திரை அது. அதை நந்தம்பாக்கத்துல ஒரு தமிழ்ப் பொண்ணு எனக்குக் காட்டுது!

டிக்கெட் தலைக்கு ஆயிரத்தை ஒட்டி வந்துச்சு, உள்ள ஒரு ஸ்டால்ல பிரைடு ரைஸ் 280, தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. ஸ்டால், காமிக்ஸ், பொம்மை இதெல்லாம் எல்லாரும் போட்டோ போட்டுட்டாங்க, நான் எழுதல. நான் சொல்ல வந்தது ஒரு ஓரத்துல மேஜை போட்டு உக்காந்திருந்த ஒரு மனுஷரைப் பத்தி.

ஹாலிவுட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களுக்குத் தமிழ்ல குரல் குடுக்கறவரு அவரு. நாம சின்ன வயசுல இருந்து டிவில டப்பிங்ல பாத்த ரோபோ, வேற்றுக்கிரகவாசி, விண்கல கேப்டன், அதுல பாதி அவரு தொண்டைதான். அவரு பேரை நான் போடல. சாலிகிராமத்துல காய்கறி வாங்கப் போனா யாருக்கும் தன்னைத் தெரியாது, அது அப்படியே இருக்கட்டும்னு அவரே சொன்னாரு, அதை மதிக்கணும்.

ஏழெட்டு வயசுப் பையன் ஒருத்தன் அட்டைல செஞ்ச ரோபோ முகமூடி போட்டுகிட்டு அவரைப் பாக்க நின்ன க்யூல எங்களுக்கு முன்னாடி நின்னான். மேஜைகிட்ட போனதும் அவன் முகமே விழுந்துடுச்சு, ஏன்னா எதிர்ல இருக்கறது தலை நரைச்ச, கட்டம் போட்ட சட்டை போட்ட ஒரு பெரியவரு. அவரு அதைக் கவனிச்சுட்டாரு. எழுந்து வந்து அவன் உயரத்துக்குக் குத்த வச்சு உக்காந்து, "என் மூஞ்சியைப் பாக்காத கண்ணு, கண்ணை மூடிக்கோ"ன்னாரு. அவன் முகமூடிக்குள்ளயே மூடிகிட்டான். அப்புறம் அந்த ரோபோ குரல்ல அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு பாருங்க, பையனோட தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிடுச்சு, கைல இருந்த நோட்டுப் புஸ்தகம் கீழ விழுந்தது கூட அவனுக்குத் தெரியல. "வீட்டுப்பாடம் முடிச்சியா"ன்னு அதே குரல்ல கேட்டாரு. முடிச்சேன் முடிச்சேன்னு கத்தறான். க்யூவே சிரிக்குது, அவங்க அப்பா மட்டும் அழறாரு.

இதைப் பாத்ததும் எனக்கு அலெக் கின்னஸ் ஞாபகம் வந்துடுச்சு. பெரிய நடிகரு, ஸ்டார் வார்ஸ்ல ஓபிவான்ங்கற வயசான ஜெடையா வந்தவரு, லாபத்துல பங்கு வாங்கினவரு. ஆனா அந்தப் படம் கொண்டு வந்த புகழ் அவருக்குப் பிடிக்கவே இல்ல. நூறு தடவைக்கு மேல படம் பாத்தேன்னு சொன்ன ஒரு சின்னப் பையன்கிட்ட, இனிமே அந்தப் படத்தைப் பாக்க மாட்டேன்னு எனக்கு சத்தியம் பண்ணுன்னு கேட்டிருக்காரு, பையன் அழுதுட்டான், இதை அவரே 1999ல வந்த தன்னோட புத்தகத்துல எழுதியிருக்காரு. தம்பி அவரு பக்கம் பேசறான், கற்பனை உலகத்துலயே பையன் கிடந்துடக் கூடாதுங்கற அக்கறைதாங்கறான். நான் ஒத்துக்கவே மாட்டேன். குழந்தையோட சந்தோஷத்தைப் புடுங்கிட்டு அதுக்கு அக்கறைன்னு பேரு வைக்கக் கூடாது.

நிமாய் மட்டும் என்னவாம், 1975ல "நான் ஸ்பாக் இல்ல"ன்னு தலைப்பு வச்சு சுயசரிதை எழுதினாரு, ரசிகருங்களுக்கு வந்துச்சே கோவம், நம்மளை வேணாங்கறாருன்னு. உள்ள படிச்சா அவரு ஸ்பாக்கை வெறுக்கவே இல்ல, ஆனா தலைப்பு குத்திடுச்சு. 1995ல அடுத்த புத்தகத்துக்கு "நான்தான் ஸ்பாக்"னு வச்சாரு. நடுவுல 20 வருஷம்! ஒரு பாத்திரத்தோட சமாதானமாப் போக ஒரு மனுஷனுக்கு அவ்வளவு நாளாச்சு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், ரோட்டுல போறவன் எல்லாம் காதைப் பாத்துட்டே பேசினா யாருக்குத்தான் சலிக்காது?

க்யூல எங்களுக்குப் பின்னாடி நின்ன அண்ணன் சிட்டி ரோபோ ரசிகர், ரஜினி வெறியர். 2017 மே மாசம் கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்துல மாவட்டம் மாவட்டமா ரசிகருங்களைக் கூப்பிட்டு ரஜினி போட்டோ எடுத்துகிட்டாரே, அதுல இவரும் ஒருத்தர். பர்ஸ்ல இருந்து லேமினேட் பண்ண போட்டோவை எடுத்துக் காட்டினாரு, மூலை எல்லாம் மஞ்சளாயிடுச்சு. "ஒத்த பைசா வாங்கல சிஸ்டர்"னு திரும்பத் திரும்ப சொன்னாரு. அமெரிக்கால இந்த மாதிரி விழாவுல நடிகர் கையெழுத்துக்கு ஒரு ரேட், கூட நின்னு போட்டோவுக்கு ஒரு ரேட்னு சொன்னேன், அவரால நம்பவே முடியல. எனக்கு அந்தக் காசு வாங்கற முறை தப்பாத் தெரியல. பழைய சீரியல் நடிகருங்களுக்கு அது வருமானம், ஆளுக்கு ஒரு நிமிஷம்னு கணக்கு இருக்கு, அந்த ஒரு நிமிஷம் முழுசா உங்களுக்குத்தான். நம்ம ஊர்ல அந்தக் கணக்கு இல்லாததால கூட்டம் கார் மேலயே ஏறுது. அஜித் 2011ல மன்றங்களையே கலைச்சாரு, 2021ல பட்டப்பேரு வேணாம்னாரு, 2024 டிசம்பர்ல கடவுளேன்னு கோஷம் போடாதீங்கன்னு அறிக்கையே விட வேண்டி வந்துச்சு. திமிருன்னு சொல்றவங்களோட நான் சண்டைக்கே போவேன், அது ரசிகன் மேல வச்ச மரியாதை, நீ உன் குடும்பத்தைப் பாருன்னு சொல்றது.

எல்லை இல்லன்னா என்னாகும்னு அந்த க்யூலயே பாத்தோம். ஒரு ஆளு செல்போன்ல லைவ் போட்டுகிட்டே வந்தாரு, குரல் குடுக்கற சாரோட கையைப் புடிச்சவரு விடவே இல்ல, ஒரே டயலாக்கை மறுபடி மறுபடி பேசச் சொல்றாரு, நம்பர் குடுங்க சார், வீட்டுக்கு வர்றேன் சார்ங்கறாரு. வாலண்டியர் பொண்ணு தவிக்குது. சார் இன்னொரு கையை அவரு கை மேல வச்சு, "தம்பி என்ன வேலை பாக்கறீங்க?"ன்னு கேட்டாரு. ஆஸ்பத்திரில டயாலிசிஸ் மெஷின் சர்வீஸ்னாரு. அந்த மெஷின் எப்படி சத்தம் போடும்னு சார் நிஜமாவே ஆர்வமா கேக்கறாரு, இவரு போனைக் கீழ இறக்கிட்டு வாயாலயே அந்த பீப் சத்தத்தைப் பண்ணிக் காட்டறாரு, சார் அதைத் திருப்பிப் பண்றாரு, ரெண்டு பேரும் சிரிச்சு, கை தானா விட்டுடுச்சு. எங்க முறை வந்தப்ப கேட்டேன், எப்படி சார் கோவமே வரலன்னு. "அவங்களைப் பத்திக் கேட்டா போதும்மா, யாரும் அவங்களைக் கேக்கறதில்ல"ன்னாரு.

இதைத்தான் ஜேம்ஸ் டூஹன் பண்ணாரு, ஸ்டார் டிரெக்ல இன்ஜினியர் ஸ்காட்டியா வந்தவரு. தற்கொலை பண்ணிக்கப் போறேன்னு ஒரு ரசிகைகிட்ட இருந்து கடிதம். உடனே போன் பண்ணி, இன்ன ஊர்ல ரசிகருங்க கூடற கன்வென்ஷனுக்கு வர்றேன், நீ அங்க வான்னு சொல்லியிருக்காரு. அவங்க வந்தாங்க. அடுத்த ஊருக்கும் கூப்பிட்டாரு, அதுக்கடுத்த ஊருக்கும். பெரிய உபதேசம் எதுவும் இல்ல, வா வான்னு கூப்பிட்டது மட்டும்தான். அப்புறம் பல வருஷம் சத்தமே இல்ல, ஒரு நாள் கடிதம் வந்துச்சு, எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்ல முதுகலை முடிச்சுட்டேன்னு. வயசான காலத்துல ஒரு டாக்குமெண்டரில அவரு இதைச் சொல்லும்போது குரல் உடையும், நான் எப்ப பாத்தாலும் அழுவேன்.

ரசிகருங்க வார்த்தையால கொல்லவும் செய்வாங்க, அதையும் சொல்லணும். 1999ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துல ஜார் ஜார் பிங்க்ஸ்ங்கற கோமாளிப் பாத்திரமா நடிச்ச அஹமத் பெஸ்ட்டை அவ்வளவு திட்டினாங்க, அவரு உயிரை விடற அளவுக்குப் போனேன்னு 2018ல வெளிப்படையா சொன்னாரு. அடுத்த வருஷம் சிகாகோல ஸ்டார் வார்ஸ் விழா மேடைக்கு வந்தப்ப மொத்த அரங்கமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. 2023ல ஜெடையாவே திரும்பி வந்தாரு. தம்பி அங்கி தச்சதே அவருக்காகத்தான். கை தட்டினதுல அன்னிக்குத் திட்டினவங்களும் இருந்திருப்பாங்கன்னுதான் நினைக்கறேன், இருக்கணும்.

சாப்பாட்டை விட்டுட்டேனே! சாயங்காலம் பரங்கிமலைல லோக்கல் ட்ரெயின் ஏறி நேரா பீச் ஸ்டேஷன். எதிர்லயே வரிசையா அத்தோ கடை. 1960கள்ல பர்மால இருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்க கொண்டு வந்த சாப்பாடு. ஆரஞ்சு கலர் தடி நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பொரிச்ச பூண்டு எண்ணெய், நொறுக்கிப் போட்ட பேஜோங்கற மொறுமொறு தட்டை, எல்லாத்தையும் அந்த அக்கா வெறுங்கையால பிசையற வேகம் இருக்கே! கூட வாழைத்தண்டு சூப், அதுக்குத் தனிக் காசு கிடையாது, கேட்டா இன்னொரு கரண்டி ஊத்துவாங்க. நடுவுல கீறி மசாலா அடைச்ச முட்டையை அப்படியே வாயில போடணும். ரெண்டு பேரும் வயிறு முட்ட சாப்பிட்டு 300 ரூபாய் கூட வரல. அங்கியோடயே உக்காந்திருந்த தம்பியை யாரும் ஒரு மாதிரி பாக்கல, பூண்டு எண்ணெய் கைல சொட்டிடுச்சு, அது போகாது போல.

செலவுக் கணக்கு கேட்டவங்களுக்கு: லாட்ஜ் ஒரு ராத்திரி 1,400, ஏசி இல்லாத ரூம், சுத்தமா இருந்துச்சு. பஸ், ஆட்டோ, டிக்கெட், சாப்பாடு, தம்பி வாங்கின ஒரு பொம்மை எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கும் ஒன்பதாயிரத்தைத் தாண்டிடுச்சு, அதுல கால்வாசிக்கு மேல அந்த ஏசி ஓடாத பஸ்ஸுக்கு. ரயில் டிக்கெட் 60 நாள் முன்னாடியே திறக்குது, திருச்சி-எழும்பூர் ஸ்லீப்பர்ல 300 ரூபாய்க்குள்ள முடியும், தேதி தெரிஞ்ச அன்னிக்கே போட்டுடுங்க. காமிக் கான்ல டப்பிங் கலைஞருங்க யாராவது உக்காந்திருந்தா முதல்ல அந்த மேஜைக்குப் போங்க, மத்தியானத்துக்கு மேல அவங்களுக்குத் தொண்டை கட்டிடுது.