பழைய சுசுக்கி ஜீப்பை உயர்த்துமுன்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சாமான் தேடி இறங்கி, 'ஜீப்பை உயர்த்த வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கைக்கு வருவது நீளமான ஷக்கிள் சோடிதான், அதாவது ஸ்பிரிங்கின் முனையை ஜீப்பின் அடிச்சட்டமான சசியோடு இணைக்கும் ஆடும் தகடுகள். மலிவு, அரை நாளில் பூட்டிவிடலாம். எஸ்.ஜே.413 போன்ற, இரும்புப் பட்டைகளை அடுக்கிய பிளேட் ஸ்பிரிங் ஜீப்புக்கு அதில் தொடங்குவதே முதல் பிழை.

கணக்கு எளிது. ஷக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையில், அச்சு நடுவில். ஆகவே ஷக்கிள் 2 அங்குலம் நீண்டால் ஜீப் 1 அங்குலம்தான் எழும்பும். இந்த ஜீப்பில் முன் ஷக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறது. அந்த முனை கீழே இறங்க, அச்சின் மேற்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சாணியின் பின்சாய்வு, குறைகிறது. பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, நேர் வீதியிலும் ஜீப் அலையும். உடனே ஸ்டியரிங் பொக்ஸை மாற்றிக் காசைக் கொட்டுபவர்கள் உண்டு. பொக்ஸ் என்ன பாவம் செய்தது?

காஸ்டரை மீட்க அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே 2 அல்லது 3 பாகை ஆப்புத் தகடு வைக்கலாம். ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருந்தால் தகட்டின் தடித்த பக்கம் முன்னால் வரவேண்டும். மேலே இருந்தால் பின்னால். மாற்றி வைத்தால் அலைச்சல் இரட்டிப்பாகும். 3 பாகைக்கு மேல் போக வேண்டாம். அச்சின் நடுவிலுள்ள கியர் உருண்டையான டிஃபரென்ஷலின் மூக்கு கீழே சாய்ந்து, அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன் புரொப்பலர் ஷாஃப்டின் மூட்டான குரொஸ் தேயத் தொடங்கும்.

நல்ல வழி, 50 மில்லிமீற்றர் உயர்த்தும் புதிய ஸ்பிரிங் செட்டும் அதற்கேற்ற நீள ஷொக் அப்சோபரும். பழைய பிளேட்டை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தரும் இடங்களில் கொஞ்சம் யோசியுங்கள். ஸ்பிரிங் இரும்பு சிவக்கக் காய்ந்தால் அதன் பதம் போய்விடும். முறையாகத் திரும்பப் பதமேற்றாவிட்டால் சில மாதத்தில் தட்டையாகும், அல்லது பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட் துளையில் வெடிக்கும். ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே ஏற்றினால் ஏறக்குறைய 5 அங்குலம் கிடைக்கும். ஆனால் வெல்டிங், ஸ்டியரிங் இணைப்பு, ஷாஃப்ட் நீளம் எல்லாம் மாறும். நகரத்தில் தினமும் ஓட்டும் ஜீப்புக்கு அது வீண் வேலை.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் நின்ற ஜீப் என்றால் ஷக்கிள் போல்ட் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒன்றாகியிருக்கும். முதல் நாளே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். கிரைண்டரால் வெட்ட நேரலாம், புதிய போல்ட் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஸ்டாண்டை சசியின் கீழே கொடுத்து, அச்சை ஜக்கில் தாங்கி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். நடு போல்ட்டின் தலை அச்சுத் தளத்தின் துளைக்குள் முழுதாக உட்கார வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் இடைவெளி தெரியும். உட்காராமல் இறுக்கினால் அச்சு கோணலாகும், ஒரு நாள் அந்தப் போல்ட்டே அறுந்துவிடும். ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் கட்டாயம் புதியது. ஒருமுறை இழுபட்டதை மறுபடி நம்பக் கூடாது. குறுக்குக் குறுக்காக இறுக்கி, 100 கிலோமீற்றரிலும் 500 கிலோமீற்றரிலும் திரும்ப இறுக்குங்கள்.

ஷக்கிள் போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, ஜீப்பைச் சக்கரத்தில் இறக்கி, பம்பரில் ஏறி நாலுதரம் அமுக்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே நிற்கும். சீக்கிரம் கிழிந்துபோகும்.

பிறகு சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். அச்சுக்குள் காற்று போய்வரும் மூச்சுக் குழாயையும், ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல் இணைப்பான ஸ்பிளைனையும் அதே நிலையில் பார்க்கலாம். பாரத்துக்கேற்ப பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு இருந்தால், உயர்ந்த ஜீப்பை அது 'வெறுமையாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும். அதன் பிராக்கெட்டையும் உயர்த்திய அளவுக்கு நகர்த்த வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

இவ்வளவும் செய்தும் டிஃபரென்ஷல் ஒரு மில்லிமீற்றர்கூட எழும்பியிருக்காது. அதை உயர்த்துவது ரயர் மட்டுமே. 205/70 ஆர் 15இலிருந்து 235/75 ஆர் 15க்குப் போனால் விட்டம் 668இலிருந்து சுமார் 733 மில்லிமீற்றராகும். கீழே கிடைப்பது 33 மில்லிமீற்றர். மழைவெள்ளத்துக்காக உயர்த்துபவர்கள் இதைக் கவனியுங்கள்: அச்சின் மூச்சுக் குழாயை நீட்டி மேலே கட்டாவிட்டால் தண்ணீர் கியர் எண்ணெயில் கலக்கும். பெரிய ரயரோடு வேக மீற்றர் 60 காட்டும்போது ஓடுவது ஏறக்குறைய 66.

ஹெட்லைட்டையும் சுவருக்கு முன்னால் நிறுத்திச் சரிபாருங்கள். முன்பக்கம் சற்று அதிகமாக எழும்பியிருந்தாலும் கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில் எதிரே வரும் ஓட்டோக்காரர் ஒவ்வொருவரும் லைட் அடித்துத் திட்டுவார்.