"ம்" கொட்டும் படிப்பு

மருத்துவ உளவியல் முதுகலை வகுப்பில் இந்த வாரம் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். ஆலோசனைக்கு வருகிறவரை நோயாளி என்று பார்க்காதவர். 1957இல் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் அவர் எதிர்பார்ப்பது மூன்று: ஒத்துணர்வு (எதிரே இருப்பவர் மனசை அவர் இடத்திலிருந்து உணர்வது), நிபந்தனையில்லாத ஏற்பு, நடிக்காமல் இருப்பது. படிக்க எளிது. பயிற்சிக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டாவது நிமிடமே அறிவுரை வாய்க்கு வந்துவிடுகிறது. மதுரைக்காரன் ஆச்சே, டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வீட்டுப் பஞ்சாயத்தையே தீர்த்துவைத்துவிட்டு இறங்குகிற ஆள்!

சனிக்கிழமை மேலூர் போனேன். அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடித்தபடி தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. சரி, இதுதான் சமயம் என்று வாயைக் கட்டிக்கொண்டு "ம்" மட்டும் கொட்டினேன். நெடுநேரம் பேசியது, கொஞ்சம் அழுதது. அப்புறம் உரலைத் தள்ளிவைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

"ஏன்டா, மேலுக்கு முடியலையா? ஒண்ணுமே பேச மாட்டேங்கிற!"